நாங்கள், உவங்கள், அவங்கள்

ஆட்டம் முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம். இரண்டுக்குச் சைபர், நாங்கள் முன்னுக்கு. சோளகக் காற்று மைதானத்துப் புழுதியை அள்ளி, எல்லைக்கோட்டில் நின்றவர்களின் முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. போர் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்த காலம் அது. ஊர்காவற்றுறையில் ஒரு மைதானத்தைச் சுற்றி அத்தனை பேர் சேர்ந்து நின்றதைப் பல வருடங்களுக்குப் பின் அன்றுதான் பார்த்தேன்.

எதிரில் ஆடியது பட்டினத்துக் கரையில் இருந்து வந்த பெரிய கழகம். குருநகர், நாவாந்துறை, இளவாலை என்று யாழ்ப்பாண உதைபந்தாட்டத்தின் பலம் கடற்கரை ஊர்களில் குவிந்து கிடக்கிறது. தீவுப் பகுதியும் கடற்கரைதான். ஆனால் எங்கள் பக்கத்துக் கழகத்தை அந்த வரிசையில் எவரும் வைப்பதில்லை. அன்று காலைவரை ஊரில் வெற்றியைப் பற்றிய பேச்சே இல்லை. மூன்று கோலுக்கு மேல் வாங்காமல் வந்தால் மானம் தப்பியது என்றுதான் சந்தியில் பேசிக்கொண்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற அண்ணை, இருபது வருடத்துக்கு முன் அதே கழகத்துக்குக் கோல் காத்தவர். 78ஆவது நிமிடத்தில் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிச் சொன்னார்: “தம்பி, நாங்கள் இண்டைக்கு வெண்டிட்டம்.”

இரண்டு நிமிடத்தில் எதிரணி ஒன்றை அடித்தது. “பெடியள் கொஞ்சம் கவனமா நிக்கோணும்” என்றார்.

86ஆவது நிமிடத்தில் இரண்டாவது. “உவங்களுக்கு என்ன விசரே? எல்லாரும் ஏன் கோலுக்கை போய் நிக்கிறாங்கள்?”

மத்தியஸ்தர் கூட்டிக் கொடுத்த நேரத்தில் மூன்றாவது விழுந்தது. ஒலிபெருக்கியில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்த அறிவிப்பாளரின் குரல் நின்றுபோனது. அண்ணை சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு முதுகைக் காட்டினார். “அவங்கள் தோத்திட்டாங்கள். நான் அப்பவே சொன்னனான்.”

கால் மணி நேரத்துக்குள் ஒரே மனிதரின் வாயில் அதே பதினொரு பேரும் நாங்கள் ஆனார்கள், பெடியள் ஆனார்கள், உவங்கள் ஆனார்கள், கடைசியில் அவங்கள் ஆனார்கள். அன்று எனக்கும் நெஞ்சு கனத்ததால் இது காதில் விழுந்ததே தவிர மனதில் பதியவில்லை. உளவியல் ஆய்வுகளை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான், அந்த அண்ணையின் நான்கு வாக்கியங்களுக்குள் விளையாட்டு ரசிகர்களைப் பற்றிய அரை நூற்றாண்டு ஆராய்ச்சி அடங்கியிருப்பது புரிந்தது.

*

அமெரிக்க உளவியலாளர் ரொபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் வாசற்படி. ஏழு பல்கலைக்கழகங்களில், சனிக்கிழமை நடக்கும் அமெரிக்க உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு அடுத்த திங்கட்கிழமை, விரிவுரை மண்டபத்துக்கு வரும் மாணவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று குறித்து வைத்தார்கள். தங்கள் அணி வென்ற வாரங்களில் பல்கலைக்கழகத்தின் பெயரும் சின்னமும் பொறித்த உடைகள் கூடுதலாகத் தென்பட்டன. பிறகு மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து, ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். வென்ற ஆட்டம் என்றால் “நாங்கள் வென்றோம்” என்று வந்தது. தோற்ற ஆட்டம் என்றால் “அவர்கள் தோற்றார்கள்” என்று நழுவியது. பிறருடைய வெற்றியின் வெளிச்சத்தில் நின்று குளிர்காயும் இந்த இயல்புக்கு எதிர்ப்புறமும் உண்டு என்று 1980களில் வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். தோல்வியின் நிழல் தன்மேல் படாமல் மனிதர் ஓர் அடி தள்ளி நிற்கிறார்.

ஆங்கிலத்தில் அந்த மாணவர்களுக்கு இருந்தவை இரண்டே நிலைகள். ஒன்று நாங்கள், இல்லாவிட்டால் அவர்கள். யாழ்ப்பாணத் தமிழன் இதைவிட நுட்பமான அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறான். அ, இ, உ என்று மூன்று சுட்டெழுத்துகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. தமிழ்நாட்டின் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது. எங்கள் பேச்சில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. இவன் என்றால் என் பக்கத்தில். அவன் என்றால் தூரத்தில். உவன் என்றால் இரண்டுக்கும் நடுவே, உனக்குக் கிட்ட. அந்த நடு இடத்துக்குச் சிலவேளை ஒரு சலிப்பும் ஒட்டிக்கொள்ளும். “உவன் செய்த வேலை” என்று ஒருவர் சொன்னால், அவனை முழுதாகக் கைவிடவில்லை, ஆனால் கோபம் இருக்கிறது என்று பொருள். சமநிலைக் கோல் விழுந்த 86ஆவது நிமிடத்தில் அண்ணை நின்ற இடம் சரியாக அதுதான். இன்னும் உறவு அறவில்லை. கை விடுபடத் தொடங்கிவிட்டது. சியால்டினியின் தொலைபேசி ஆய்வை யாராவது ஊர்காவற்றுறையில் திரும்பச் செய்தால், மனம் விலகும் தூரத்தைப் படிப்படியாக அளக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அன்று ஏன் அத்தனை வலி? காலையில் மூன்று கோலால் தோற்கவும் ஆயத்தமாக இருந்த ஊர், மாலையில் ஒரே ஒரு கோலால் தோற்றபோது இடிந்துபோனது. கணக்குப்படி பார்த்தால் எதிர்பார்த்ததைவிட நல்ல முடிவுதான் கிடைத்தது.

மனம் முடிவை அளப்பது ஓர் அடையாளக் கல்லில் இருந்து. டானியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் முன்வைத்த கோட்பாட்டின் கரு இது. ஒருவர் கையில் இருப்பதை அதன் முழு அளவால் மதிப்பதில்லை. ஏதோ ஒரு நிலையை வழக்கம் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேலே போனால் லாபம், கீழே போனால் நட்டம் என்று உணர்கிறார். லாபத்தின் இனிப்பைவிட அதே அளவு நட்டத்தின் கசப்புக் கூடுதல். காலையில் எங்கள் கல் மூன்று கோல் தோல்வியில் நட்டிருந்தது. இரண்டாவது கோலை நாங்கள் அடித்ததும் யாரும் அறியாமல் அந்தக் கல் நகர்ந்துவிட்டது. 78ஆவது நிமிடத்தில் வெற்றி எங்களுக்குக் கிடைக்கப்போகும் பொருளாக இருக்கவில்லை, ஏற்கெனவே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்ட பொருளாக இருந்தது. கடைசிப் பன்னிரண்டு நிமிடத்தில் நடந்ததை மனம் களவு போனதாகவே பதிந்துகொண்டது.

மூளைக்குள் இந்த நகர்வு எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு குரங்கும் கொஞ்சம் பழச்சாறும் சாட்சி. வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளர், குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைத் தனித்தனியாகப் பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு நாக்கில் விழுந்தால் அந்த நரம்பணுக்கள் சடசடவென்று துடிக்கும். ஒவ்வொரு முறையும் சாற்றுக்கு முன் ஒரு விளக்கை எரிய வைத்தால், சில நாளில் துடிப்பு விளக்குக்கு மாறிவிடும். சாறு வரும்போது ஒன்றும் நடக்காது. அது ஏற்கெனவே கணக்கில் சேர்ந்துவிட்டது. முக்கியமானது அடுத்தது. விளக்கை எரிய வைத்துவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் விட்டால், சாறு வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில், நரம்பணுக்கள் தங்கள் வழக்கமான துடிப்பையும் நிறுத்திக்கொள்ளும். வெளியில் எதுவும் நிகழவில்லை. ஒரு சொட்டு வரவில்லை, அவ்வளவே. ஆனால் மூளை அந்த இல்லாமையை நேரம் தவறாமல் குறித்துக்கொள்கிறது. ஷூல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மொண்டேக் மூவரும் 1997இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இதற்கு எதிர்பார்ப்புப் பிழை என்ற பெயர் நிலைத்துவிட்டது. மைதானத்து மனிதருக்கும் இது அப்படியே பொருந்தும் என்று ஒரு குரங்குச் சோதனையை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மனித மூளையைப் படம் பிடித்த ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. எங்கள் இரண்டாவது கோல்தான் விளக்கு. இறுதி விசிலோடு வந்திருக்க வேண்டியது சாறு.

பிரித்தானியாவில் பீட்டர் டோல்டனும் ஜோர்ஜ் மெக்கெரனும் இதை எண்ணாகவே காட்டியிருக்கிறார்கள். கைபேசிச் செயலி ஒன்றின் வழியாக 32,000 பேர் தங்கள் மனநிலையை அவ்வப்போது நூற்றுக்கு இத்தனை என்று பதிந்தார்கள். மொத்தம் முப்பது லட்சம் பதிவுகள். தன் அணி வென்ற ஒரு மணி நேரத்துக்குள் ரசிகரின் மனநிலை சராசரியாக 3.9 புள்ளி உயர்ந்தது. தோற்றபோது 7.8 புள்ளி இறங்கியது. சரியாக இரண்டு மடங்கு.

*

2018ஆம் ஆண்டு யூலை 2. ரஷ்யாவின் ரொஸ்தோவ் நகரில் உலகக் கிண்ணத்தின் இரண்டாம் சுற்று. எங்கள் நேரப்படி இரவு பதினொன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது. உலகக் கிண்ணக் காலத்தில் எங்கள் ஊர் பிரேசில், ஆர்ஜென்டீனா என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும். ஆர்ஜென்டீனாக்காரர் இரண்டு நாளைக்கு முன்னரே பிரான்ஸிடம் 4–3 என்று தோற்றுத் துக்கத்தில் இருந்தார்கள். பிரேசில்காரர் அன்று முன்னிரவில் மெக்ஸிகோவை 2–0 என்று வென்ற மகிழ்ச்சியில், அடுத்து மோத வருவது யார் என்று பார்க்க விழித்திருந்தார்கள். ஆடியது பெல்ஜியமும் ஜப்பானும். உலகத் தரவரிசையில் பெல்ஜியம் 3ஆவது, ஜப்பான் 61ஆவது. ஜப்பானின் பயிற்றுநர் அகிரா நிஷினோ பொறுப்பேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இடைவேளை முடிந்து ஏழே நிமிடத்துக்குள் ஜப்பான் இரண்டு கோல் அடித்தது. 48ஆவது நிமிடம் ஹரகுச்சி. 52ஆவது நிமிடம் இனுய். நள்ளிரவு தாண்டி, பாதி ஊர் தூங்கிக்கொண்டிருக்க, தொலைக்காட்சி இருந்த வீடுகளில் இருந்து கூக்குரல் எழுந்தது. ஜப்பானோடு எங்களுக்கு என்ன உறவு? ஒன்றும் இல்லை. பலமில்லாதவன் பலசாலியை அடிக்கிறான். அந்த ஓர் உறவு போதும். 69ஆவது நிமிடத்தில் வெர்ட்டொங்ஹன் தலையால் தட்டிய பந்து வளைந்து ஏறி மறுமூலைக்குள் விழுந்தது. 74ஆவது நிமிடத்தில் ஃபெலய்னி, அதுவும் தலையால். கூட்டிக் கொடுத்த நேரத்தின் நான்காவது நிமிடத்தில் ஜப்பானுக்கு ஒரு கோணர் உதை. ஹொண்டா உதைத்தார். கோல் காப்பாளர் கோர்ட்டுவா பந்தைப் பிடித்து உடனே டி புருய்னுக்கு உருட்டினார். டி புருய்ன் நடுக்கோடு தாண்டி ஓடினார், வலப்புறம் மூனியே, அவர் குறுக்கே விட்ட பந்தை லுக்காக்கு தொடாமல் கால்களுக்கு இடையே போகவிட்டார், பின்னால் வந்த ஷாட்லி கோலாக்கினார். ஹொண்டா உதைத்ததில் இருந்து 14 விநாடி. அந்த 14 விநாடியைப் பற்றி ஜப்பானின் தேசியத் தொலைக்காட்சி பின்னர் ஒரு முழு ஆவணப்படமே எடுத்தது.

இப்படிச் சரிவது மனத்தின் பலவீனம் என்றுதான் ரசிகர் பேசுவார். “பயந்திட்டாங்கள்” என்பார். நான் அதை ஏற்பதில்லை. முதற்காரணம் தொடையிலும் கெண்டைக்காலிலும் இருக்கிறது. தசை வேகமாக ஓட எரிக்கும் எரிபொருள் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்து. டென்மார்க் ஆய்வாளர்கள் ஆட்டம் முடிந்த கையோடு வீரர்களின் தொடையில் இருந்து ஊசியால் தசைத்துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். தசைநார்களில் ஏறத்தாழப் பாதி, கிளைக்கோஜன் தீர்ந்தோ தீரும் நிலையிலோ இருந்தன. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் வீரர்கள் வேகமாக ஓடும் தூரம், முதற் பதினைந்து நிமிடத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைகிறது என்று மக்னி மோர், பீட்டர் குருஸ்ட்ரூப், யென்ஸ் பாங்ஸ்போ 2003இல் காட்டினார்கள். உலகத் தரத்து வீரரும் இதற்கு விதிவிலக்கில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. மாற்று வீரராக இறங்கியவர்கள் அந்தக் கடைசி நேரத்தில், முழு ஆட்டமும் ஆடியவர்களைவிட நாலில் ஒரு பங்கு கூடுதலாக வேக ஓட்டம் ஓடினார்கள்.

இப்போது ரொஸ்தோவுக்குத் திரும்புவோம். 65ஆவது நிமிடத்தில் பெல்ஜியம் இரண்டு பேரை மாற்றியது. உள்ளே வந்தவர்கள் ஃபெலய்னியும் ஷாட்லியும். சமநிலைக் கோலும் வெற்றிக் கோலும் அவர்களுடையவை. பலமான அணி என்று நாம் சொல்வதன் பொருள், மைதானத்தில் நிற்கும் பதினொருவரோடு முடிவதில்லை. வெளியே குந்தியிருப்பவனும் அதே தரத்தவன். எங்கள் கழகத்திலோ அன்று விளையாடியவர்களில் இருவர், முதல்நாள் இரவு தொழிலுக்குப் போய், விடியப்புறம் வலையில் மீன் கழற்றிவிட்டு வந்தவர்கள். மாற்றுக்கு என்று உடுத்தி நின்ற பெடியனுக்குப் பதினாறு வயது. அந்த இருவரும் 80ஆவது நிமிடத்துக்குப் பின் கோலுக்குள் போய் நின்றதைக் கோழைத்தனம் என்று ஏசியவர்களில் நானும் ஒருவன். ஓடித் திரும்பி வரக் கால் இல்லாதவன், ஓட வேண்டிய தூரத்தைக் குறைத்துக்கொள்கிறான். அதனால் எதிரணி முன்னேற இடம் கிடைக்கிறது, கோல் வாசலில் நெரிசல் கூடுகிறது, ஒரு பந்து தெறித்தாலும் போதும். அந்த இருவரிடமும் நான் இன்றுவரை இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவில்லை.

*

தோல்விக்குப் பிறகு வருவது பேச்சு. குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகைத் தவறவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். அரை மணித்தியாலம் பிந்தி வந்தவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போவார். இறங்குதுறையில் கால் வைக்கும்போது படகு பத்து முழம் விலகியதைக் கண்டவர் அன்று முழுக்கப் புலம்புவார். புங்குடுதீவில் பஸ் ஒரு நிமிடம் மினக்கெடாமல் இருந்திருந்தால், கடைசியாக அந்தச் சாமானை வாங்கப் போகாமல் இருந்திருந்தால் என்று. இரண்டு பேருக்கும் நட்டம் ஒன்றே. கானமனும் ட்வெர்ஸ்கியும் விமானத்தை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். அரை மணி பிந்தித் தவறவிட்டவருக்கா, ஐந்து நிமிடத்தில் தவறவிட்டவருக்கா வேதனை கூட என்றதற்கு, நூற்றுக்கு 96 பேர் ஐந்து நிமிடத்தவருக்கே என்றார்கள். நடந்ததை மாற்றி எழுத மனத்துக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறதோ அவ்வளவு வலி. கடைசி நேரக் கோல் மாற்றி எழுத மிக எளிது. ஹொண்டா அந்தக் கோணரை உள்ளே அடிக்காமல் பக்கத்தில் தட்டிப் பந்தை வைத்திருந்தால் போதும். ஆட்டம் மேலதிக அரை மணிக்குப் போயிருக்கும். அடுத்தநாள் மீன் சந்தையில் நான் கேட்டதும் அதுவே. “அவன் ஏன் உள்ளுக்கை அடிச்சவன்?”

“நான் அப்பவே சொன்னனான்” என்ற அண்ணையின் வாக்கியத்தையும் விட முடியாது. சொன்னது “வெண்டிட்டம்” என்று. பக்கத்தில் நின்று கேட்டவன் நான். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. பாருக் ஃபிஷோஃப் 1975இல் மாணவர்களுக்கு, நேபாளத்தில் 1814இல் பிரித்தானியருக்கும் கூர்க்கர்களுக்கும் நடந்த போரைப் பற்றி வாசிக்கக் கொடுத்தார். ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு முடிவை உண்மை என்று சொன்னார். முடிவு தெரியாதவர்போல நினைத்து அதன் சாத்தியத்தைக் கணிக்கச் சொன்னபோது, தமக்குச் சொல்லப்பட்ட முடிவே முன்னரும் கூடுதல் சாத்தியமாக இருந்தது என்று அவரவர் கணித்தார்கள். முடிவு தெரிந்த மூளையால், தெரியாத மூளையாக மீண்டும் இருக்க முடியாது. அண்ணைக்கு அந்தக் கணத்தில் பழைய தயக்கங்கள் மட்டும் பெரிதாக நினைவு வந்தன; தோளில் தட்டியது மறைந்துபோனது.

உடம்பும் இதில் சும்மா இருப்பதில்லை. 2006 உலகக் கிண்ணம் ஜேர்மனியில் நடந்தபோது மியூனிக் பகுதியின் அவசர மருத்துவர்கள் 4,279 இதய நோயாளிகளின் பதிவைச் சேகரித்தார்கள். ஜேர்மனி ஆடிய நாட்களில் இதய அவசரங்கள் வழமையைவிட 2.66 மடங்கு, ஆண்களில் 3.26 மடங்கு. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு உயர்வு இன்னும் கூடுதல். ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில் ஆபத்து உச்சம். ஆர்ஜென்டீனாவைப் பெனால்டியில் ஜேர்மனி வென்ற நாளிலும் உயர்வு; இத்தாலியிடம் 119ஆவது நிமிடத்திலும் அதற்குப் பின்னும் வாங்கிய கோல்களால் தோற்ற நாளிலும் உயர்வு. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் உயர்வே இல்லை. இதயத்தை அடிப்பது இழுபறி என்பது தெளிவு. எங்கள் தீவில் இதை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். நெஞ்சு வலி என்று இரவு ஒரு மணிக்கு ஒருவரைத் தூக்கினால், பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும் நேரம் இருக்கிறதே, அது சிறிய நேரம் இல்லை. இதய மருந்து எடுக்கும் ஐயாமார் ஆட்டம் பார்க்கக் கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. மருந்தை நேரத்துக்குப் போட்டுவிட்டு, தனிய இருக்காமல் பார்க்கட்டும்.

*

இத்தனைக்கும் பிறகு ரசிகர் ஏன் திரும்பி வருகிறார்? சியால்டினியின் மாணவர்கள் தோல்வியில் விலகினார்கள். அதற்குப் பின் வந்த டானியல் வானும் நைலா பிரான்ஸ்கோம்பும் 1990இல் வேறொரு வகையினரைக் கண்டார்கள். அணியோடு ஆழமாகப் பிணைந்தவர்கள் விலகுவதே இல்லை, விலகினாலும் நிலைப்பதில்லை. பல்கலைக்கழக மாணவன் நாலு வருடத்தில் ஊர் மாறுவான். மாமன் மகனும் பக்கத்து வீட்டுப் பெடியனும் ஆடும் கழகத்தை விட்டு ஒருவன் எங்கே போவான்?

மார்த்தா நியூசன் என்ற மானிடவியலாளர் 2014இல் பிரேசிலில் ஏறத்தாழ நாற்பது ரசிகர்களின் உமிழ்நீரைச் சேகரித்து, அழுத்த நேரத்தில் சுரக்கும் கோர்ட்டிசோலை அளந்தார். ஜேர்மனியிடம் 7–1 என்று பிரேசில் நொறுங்கிய ஆட்டமும் அதில் அடக்கம். அணியே தான், தானே அணி என்று இருந்தவர்களுக்கே கோர்ட்டிசோல் கூட. பின்னர் அவரும் ஹார்வி வைட்ஹவுஸ் உள்ளிட்டோரும் இங்கிலாந்தின் முதல்தரக் கழகங்களின் ரசிகர்களை ஒப்பிட்டபோது, அதிகம் வென்ற கழகங்களின் ரசிகர்களைவிட அதிகம் தோற்ற கழகங்களின் ரசிகர்களே ஒருவரோடு ஒருவர் இறுகப் பிணைந்திருந்தார்கள். சேர்ந்து சிரித்ததைவிடச் சேர்ந்து பட்டது ஆழமாகப் பதிகிறது. வந்தவர்கள் பலர், நின்றவர்கள் சிலர். அந்தச் சிலருக்குள் ஒருவரை ஒருவர் தெரியும்.

ரொஸ்தோவில் இறுதி விசில் ஊதிய பிறகு, ஜப்பான் ரசிகர்கள் அழுத கண்ணோடு நீலப் பைகளை விரித்து, இருக்கைகளுக்கு அடியில் கிடந்த குப்பையைப் பொறுக்கினார்கள். உலகம் அதை நல்லொழுக்கம் என்று பாராட்டியது. ஜப்பான் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளே வகுப்பறையைத் துப்புரவாக்கும் பழக்கம் அதற்குப் பின்னால் இருப்பது உண்மை. வென்ற நாட்களிலும் அவர்கள் அதைச் செய்தார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. செய்ய ஒன்றும் இல்லாத கைகளுக்கு, ஆயிரம் பேர் பக்கத்தில் நிற்கச் செய்யக் கிடைத்த வேலை அது. வீரர்களும் தங்கள் அறையைக் கூட்டித் துடைத்துவிட்டு, ரஷ்ய மொழியில் நன்றி என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் மைதானத்தில் அன்று இருட்டிய பிறகு, நாலைந்து பேர் கோல் வலையை அவிழ்த்துச் சுருட்டினார்கள். ஒருவரும் பேசவில்லை. அண்ணை திரும்பி வந்து வலையின் ஒரு தலைப்பைப் பிடித்தார். மீன்வலை சுருட்டிப் பழகிய கை. தூக்கிக்கொண்டு நடக்கும்போது, எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்: “கடைசியிலை எங்களுக்குக் கால் இல்லை.”

எங்களுக்கு என்றார்.

சென்ற வருடம் காரைநகருக்குப் போகும் பாதையில் நின்றேன். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வரும் மிதவைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கடற்கோட்டை ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பெடியள் மூன்று பேர், சைக்கிளில் சாய்ந்துகொண்டு கதைத்தார்கள். மூத்தவனுக்குப் பதினான்கு இருக்கும். அந்த ஆட்டம் நடந்தபோது அவன் தாயின் கையில் கிடந்திருப்பான். பட்டினத்து அணியின் பெயரைச் சொல்லி மற்றவன் ஏதோ பெருமையாகப் பேச, இவன் குறுக்கிட்டான்.

“போடா. நாங்கள் ரெண்டுக்குச் சைபர் முன்னுக்கு நிண்டனாங்கள். பன்னிரண்டு நிமிசந்தான் கிடந்தது.”